ஜூன் 14-க்கு ஏழு படகு: காசிமேட்டில் கொடுத்த ஒரு வாக்கின் ஆய்வு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. மொத்தம் 61 நாள். 2017-க்கு முன் தமிழ்நாட்டில் இது 45 நாளாக இருந்தது. சென்னை காசிமேட்டுத் துறைமுகத்தின் லாஞ்சுகளுக்கு (விசைப்படகுகளுக்கு) ஆண்டில் கரையில் கிடைக்கும் நீண்ட ஓய்வு இதுதான் என்பதால் இஞ்சின் பிரிப்பு, மரவேலை, பெயின்ட், ஷாஃப்ட் (ப்ரொப்பல்லரைச் சுற்றும் தண்டு), சுக்கான் எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் வந்து குவியும். வேலை எப்போது தொடங்க வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். எப்போது முடிய வேண்டும் என்பதில் மாறாது. ஜூன் 14 நள்ளிரவு மற்றப் படகுகள் துறைமுக வாயைத் தாண்டும்போது நம் படகு கரையில் நின்றால் அது ஊர் முழுக்கத் தெரியும்.

தொழிலில் கொடுத்த வாக்கு எங்கே, எப்படிக் கைநழுவுகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. கீழே வருவது எந்த ஒரு பட்டறையின் கதையும் அல்ல. இஞ்சின் வேலையில் வழக்கமாக நடப்பவற்றை ஒரே பருவத்துக்குள் கோத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. தேதிகளும் படகு எண்ணிக்கையும் அந்த மாதிரிக்கு உரியவை. அளவுகளும் வேலை முறைகளும் பட்டறையில் உள்ளவை.

எடுத்துக்கொண்ட வேலை

பட்டறையில் ஒரு மேஸ்திரி, மூன்று உதவியாளர்கள். ஏழு படகு, ஏழிலும் ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின், ஏழுக்கும் முழு ஓவர்ஹால். சித்திரை முதல் நாள் கழிந்த கையோடு ஏழு உரிமையாளர்களும் வந்து பேசிவிட்டார்கள். ஏழு பேருக்கும் ஒரே பதில்: "ஜூன் பத்துக்குள்ள முடிச்சுத் தந்துடறேண்ணா."

மேஸ்திரி கணக்குப் போடாமல் சொல்லிவிடவில்லை. ஒரு படகுக்கு அவர் கை எட்டு நாள் வேண்டும். பிரித்து அளவெடுக்க 2 நாள், உதிரிகள் திரும்பி வந்தபின் கோக்க 4 நாள், தண்ணீரில் இறக்கி ஷாஃப்ட்டோடு நேர்ப்படுத்த ஒன்றரை நாள், ஓட்டிப் பார்க்க அரை நாள். எட்டை ஏழால் பெருக்கினால் 56. கையில் இருப்பது 61. ஐந்து நாள் மிச்சம்கூட இருக்கிறது. காகிதத்தில் கணக்கு சரிதான்.

தப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்த 56 நாளும் ஒரே மாதிரி நாள் அல்ல. பிரிக்கிற 14 நாளை ஏப்ரலிலேயே முடித்துவிடலாம். மீதி 42 நாள் வேலை, கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்டிங் (தேய்ந்த பரப்பைக் கல்லில் தீட்டிச் சமமாக்குவது) முடிந்து திரும்பி வந்தபிறகுதான் தொடங்க முடியும். முதல் கிராங்க் மே 14 வாக்கில் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 13-உம் 14-உம் ஐஸ், டீசல், வலை ஏற்றப் போய்விடும். ஆக மே 15 முதல் ஜூன் 12 வரை 29 நாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தாலும் 29-தான். அதற்குள் 42 நாள் வேலை அடங்காது. ஒரு படகுக்கு ஆறு நாள் என்றால் நான்கு படகுக்கு 24 நாள், கையில் ஐந்து நாள் ஒதுக்கம். ஐந்தாவது படகுக்கே முட்டுகிறது. ஆறும் ஏழும் முதல் நாளே முடியாதவை. இதைக் கண்டுபிடிக்க ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை, ஏப்ரல் 15 காலையில் சிகரெட் அட்டைப் பின்பக்கம் போதும்.

உதவியாளர்கள் மூன்று பேர் இருக்கிறார்களே என்று கேட்கலாம். கழுவுவது, சுரண்டுவது, தூக்குவது, காஸ்கெட் (மூட்டில் கசிவைத் தடுக்கும் தகடு) ஒட்டுவது எல்லாம் அவர்கள் செய்வார்கள். பேரிங் இடைவெளி பார்ப்பதும் போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்குவதும் கப்ளிங்கை (இஞ்சினையும் ஷாஃப்ட்டையும் சேர்க்கும் இணைப்பை) நேர்ப்படுத்துவதும் மேஸ்திரியின் கை. எந்தப் பட்டறையிலும் தேதியைத் தீர்மானிப்பது அந்த ஒரு ஜோடிக் கைதான். ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வாக்குக் கொடுப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஏழையும் ஒரே மூச்சில் பிரித்தது

ஏப்ரல் 15 முதல் 28 வரை வரிசையாக ஏழு இஞ்சினும் பிரிக்கப்பட்டன. வெளியில் இருந்து பார்க்க இது சுறுசுறுப்பு. உள்ளே இருக்கிற காரணம் வேறு. பிரித்துப் போட்ட இஞ்சினை உரிமையாளர் இன்னொரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார். வாக்குக் கொடுத்தவர், அந்த வாக்கைக் காப்பாற்றும் வழியை விட, வாடிக்கையாளர் நழுவாமல் இருக்கும் வழியை முதலில் செய்துவிட்டார். கடலோரம் மட்டும் இல்லை, தையல் கடையில் துணியை வெட்டிப் போடுவதும் இதே சூத்திரம்தான்.

இதற்கு விலை உண்டு. மெயின் பேரிங் கேப்கள் (கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகளின் மூடிகள்) ஒவ்வொன்றும் தன் பிளாக்கோடு, தன் இடத்தோடு வைத்துக் கடையப்பட்டவை. இஞ்சின் மாறினாலும் ஆகாது, வரிசை மாறினாலும் ஆகாது. ஏழு இஞ்சினின் கேப், புஷ் ராடு, ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) எல்லாம் ஒரே தகரக் கொட்டகையில். பெயின்ட்டால் படகு எண்ணும் வரிசை எண்ணும் போட்டு, தனித்தனி டிரேயில் வைத்தால் குழப்பமில்லை. நான்கு இஞ்சினுக்கு அப்படிச் செய்தார்கள். மற்ற மூன்றுக்கு டிரே இல்லை, சாக்கில் போட்டார்கள். மே கடைசியில் அந்தச் சாக்கைக் கவிழ்த்து கேப் தேடியதில் அரை நாள் போயிற்று.

இன்னொன்று அளவெடுப்பு. ஆறு சிலிண்டர் கிராங்க்கில் பிளாக்கில் உட்காரும் ஏழு மெயின் ஜர்னல், பிஸ்டன் தண்டுகள் பிடிக்கும் ஆறு பின் (pin). மொத்தம் 13. ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு என்று மைக்ரோமீட்டர் வைத்தால் 52 எண்கள். ஜர்னல் முட்டையாகிவிட்டதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்பது இதில் தெரியும். அதைவிட முக்கியமாக, எந்த அளவுக்குக் கிரைண்டிங் போகும் என்பது தெரியும். விட்டத்தைக் குறைக்கும் வழக்கமான படிகள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. ஏற்கெனவே 0.50-இல் ஓடிய கிராங்க் அடுத்து 0.75-க்குப் போகும் என்று ஏப்ரலிலேயே தெரிந்தால், அந்த அளவு பேரிங் செட்டைக் கடையில் சொல்லி வைக்கலாம், அளவு மாறினால் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையோடு. இந்தப் பட்டறையில் தேய்ந்து தெரிந்த இரண்டு பின்னை மட்டும் அளந்தார்கள். "மீதியை கிரைண்டிங் கடையில பாத்துப்பாங்க." பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மே மூன்றாம் வாரத்தில் 0.75 பேரிங் கேட்டுப் போனபோது எல்லாப் பட்டறையும் அதையே கேட்டு முடித்திருந்தது. அந்தத் தேடலில் இரண்டு நாள்.

கை மாறும் இடங்கள்

ஏப்ரல் 30-இல் ஏழு கிராங்க்கும் ஒரே வண்டியில் கிரைண்டிங் கடைக்குப் போயின. எது முதலில் வேண்டும் என்று சொல்லி அனுப்பவில்லை. கடைக்காரர் அவர் மெஷினில் எது வசதியோ அந்த வரிசையில் போட்டார். மே 14-இல் வந்தவை முதல் படகின் கிராங்க்கும் ஏழாவது படகின் கிராங்க்கும். ஏழாவது படகுக்கு அப்போது லைனர்கூட (சிலிண்டரின் உள்குழாய்) வாங்கியிருக்கவில்லை.

கிரைண்டிங் கடையும், பம்பு நாசில் பார்க்கும் கடையும், ஹெட்டைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கும் கடையும் தனித்தனி முதலாளிகள். அவர்களிடமும் இதே பருவத்தில் பத்துப் பட்டறை வரிசையில் நிற்கிறது. மேஸ்திரி உரிமையாளரிடம் கொடுத்த தேதி உண்மையில் இவர்களின் தேதிகளின் மேல் கட்டியது. ஆனால் இவர்களிடம் அவர் தேதி வாங்கவே இல்லை. "சீக்கிரம் குடுங்க தலைவரே" என்றார், "ஆயிடும்" என்றார்கள். இந்த "ஆயிடும்" என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் நாள் இல்லை, ஆள் இல்லை, பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் இல்லை. கேட்டவருக்கு அது வாக்காகக் கேட்கிறது. சொன்னவருக்கு அது வணக்கம் மாதிரி ஒரு மரியாதைச் சொல். இதே குடும்பத்தில் "பாத்துக்கலாம்", "முடிஞ்ச மாதிரிதான்", "நாளைக்கு வந்துடும்" மூன்றையும் சேர்க்கலாம். இவற்றைச் சொல்லக் கூடாது என்றால் காசிமேட்டில் பேச்சே நின்றுவிடும். சொன்ன கையோடு "எந்த நாள், எத்தனை மணி, யார் கொண்டுவருவது" என்று மூன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வதுதான் வழி.

வாக்கு உரிமையாளர் பக்கமும் உண்டு. தடைக்காலத்தில் படகு வருமானம் இல்லை, வீட்டுச் செலவும் வட்டியும் நிற்பதில்லை. ஐந்தாவது படகின் உரிமையாளர் பிரிக்கும்போது பணத்தில் பாதி, மே 10-இல் மீதியில் பாதி என்று ஒப்புக்கொண்டார். இரண்டாம் தவணை வந்தது மே 23. உதிரிக் கடையில் கடன் இல்லை. மே 24-இல்தான் லைனர், பிஸ்டன், ரிங் செட் வாங்கினார்கள். பதின்மூன்று நாள் தள்ளிப்போன பணத்துக்கு முடிக்கும் தேதியும் தள்ளிப்போக வேண்டும் என்று இருவருமே வாய்திறக்கவில்லை. மேஸ்திரிக்குக் கூச்சம், உரிமையாளருக்குச் சௌகரியம். ஜூனில் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொன்னபோது இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

மேற்படி எல்லாவற்றுக்கும் நடுவே சில்லறை வேலைகள். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அவை தினமும் போய் வரும். "மேஸ்திரி, ஒரு மணி நேர வேலை, கொஞ்சம் வந்து பாரு நைனா" என்று அவுட்போர்டு மோட்டாரோடு வருவார்கள். மறுக்க மனம் வராது, அன்றைக்கே காசும் கிடைக்கும். கோத்துக்கொண்டிருந்த இஞ்சினைத் துணி போட்டு மூடிவிட்டுப் போய் வந்தால் போன ஒரு மணி நேரம் மட்டும் போவதில்லை. எந்த போல்ட் வரை முறுக்கினோம் என்று திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டும். மே 15-க்கும் ஜூன் 5-க்கும் இடையில் இப்படிப் போனது மட்டும் மூன்று நாள். மீன்வளத் துறையின் நேரடிப் படகு ஆய்வு நாளும் இதற்குள் வந்தது. அன்று உரிமையாளர்கள் எல்லாரும் படகோடு நிற்க, பட்டறையில் வேலை ஓடவில்லை.

மூன்றாவது படகின் கிராங்க்

இந்த நிகழ்வில் அதிகம் கற்க வேண்டிய இடம் இதுதான்.

மே 7 மதியம் கிரைண்டிங் கடையிலிருந்து போன் வந்தது. காந்தச் சோதனையில் மூன்றாவது படகின் கிராங்க்கில், மூன்றாம் பின்னின் ஓரத்து வளைவில் வெடிப்பு. அந்த இடம்தான் சுமை குவியும் இடம். பின்னும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஒரு வளைவு விட்டிருப்பார்கள். முந்தைய கிரைண்டிங்கில் கல்லை நேராக இறக்கி அந்த வளைவைக் கூர்மையாக்கிவிட்டால், பிறகு வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். வெடித்த கிராங்க்கைக் கிரைண்டிங் போட்டு மாட்டுவது நடுக்கடலில் உடைவதற்கு நாள் குறிப்பது. ஆக வேறு கிராங்க் வேண்டும்.

உரிமையாளருக்கு இந்தச் செய்தி போன நாள் ஜூன் 2.

இடையில் 26 நாள். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. உரிமையாளர் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார், பேசினார்கள்.

"இன்னா மேஸ்திரி, நம்ப வேலை எங்க நிக்குது?"

"கிராங்க் கடையில இருக்குதுண்ணா. வந்ததும் கோத்துடலாம்."

கிராங்க் கடையில்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேஸ்திரியின் மனதில் ஓடியது: தெரிந்த ஆளிடம் பழைய கிராங்க் ஒன்று இருக்கிறது, அதைப் பேசி முடித்துவிட்டு ஒரேயடியாகச் சொன்னால் போதும், இப்போதே சொல்லி மனுஷனை ஏன் கலக்க வேண்டும். தீர்வோடு சேர்த்துத்தான் சிக்கலைச் சொல்ல வேண்டும் என்ற இந்த நினைப்பு நல்லெண்ணத்தில் வருவது. கெடுதல் செய்வதில் இதற்கு இணை இல்லை.

மே 7-இல் உரிமையாளர் கையில் இருந்த வழிகளை எண்ணிப் பார்ப்போம். புது கிராங்க் வாங்க 38 நாள் இருந்தது, பணம் புரட்ட நேரமும் இருந்தது. வேறு துறைமுகத்தில் தெரிந்தவரிடம் பழைய கிராங்க் தேடிப் பார்த்து, அதையும் காந்தச் சோதனைக்கு அனுப்பி, கெட்டுப்போயிருந்தால் இன்னொன்று தேட அவகாசம் இருந்தது. இஞ்சினையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கலாம். எதுவும் வேண்டாம், ஜூலையில் போகிறேன் என்று முடிவெடுத்து டிரைவருக்கும் ஆட்களுக்கும் முன்பணம் கொடுக்காமலாவது இருக்கலாம். ஜூன் 2-இல் இவற்றில் ஒன்றுதான் மிச்சம்: கிடைத்த கிராங்க்கை, சொன்ன விலைக்கு வாங்குவது. அதற்குள் டிரைவருக்கும் ஏழு ஆட்களுக்கும் முன்பணம் போயிருந்தது. ஐஸுக்கும் சொல்லியாயிற்று.

மேஸ்திரி தேடிய பழைய கிராங்க் ஜூன் 8-இல் வந்தது. படகு கடலுக்குப் போனது ஜூன் 19. ஐந்து நாள்தானே என்று தோன்றும். அந்த ஐந்து நாளில் டிரைவர் வேறு லாஞ்சில் ஏறிவிட்டார்.

மே 7 மாலையே அனுப்பியிருக்க வேண்டிய செய்தி இவ்வளவுதான், வாட்ஸ்அப்பில் படத்தோடு:

"அண்ணா, உங்க கிராங்க்ல மூணாம் பின் ஓரத்துல வெடிப்பு. படம் அனுப்பியிருக்கேன். இதைப் போட முடியாது. புதுசு வாங்கினா ஜூன் 8 முடியும், விலைச் சீட்டும் அனுப்பியிருக்கேன். பழசு தேடலாம், ஆனா 20 தேதிக்குள்ள கிடைக்கலைன்னா ஜூன் 14 நிச்சயம் இல்லை. எதுன்னு நாளன்னிக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க."

என்ன ஆயிற்று, தேதிக்கு என்ன ஆகும், என்ன வழிகள், எப்போதுக்குள் பதில் வேண்டும். நாலும் இருந்தால் போதும். மன்னிப்பு, விளக்கம், கிரைண்டிங் கடையைத் திட்டுவது எதுவும் தேவையில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதும் ஒரு தள்ளிப்போடல். போனில் சொல்லிவிட்டு நேரில் பேசலாம்.

கடைசி ஐந்து நாள்

ஜூன் 8 இரவு நிலவரம்: முதல், இரண்டாம், நான்காம் படகுகள் தண்ணீரில், ஓட்டிப் பார்த்தாயிற்று. ஐந்தாவது கோப்பில் பாதி. ஆறாவது பிளாக் மட்டும் இறங்கியிருக்கிறது. மூன்றாவதுக்கு அன்றுதான் கிராங்க் வந்தது. ஏழாவதன் உரிமையாளரிடம் அன்று இரவு பேசி "கொஞ்சம் தள்ளிக்கலாம்ணா" என்றார்கள். அந்தக் "கொஞ்சம்" ஜூன் 27 வரை நீண்டது.

ஐந்தாவதையும் ஆறாவதையும் இரவு விளக்குப் போட்டுக் கோத்தார்கள். அவசரத்தில் எந்த வேலை விடுபடும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. விட்டால் உடனே தெரியாத வேலைதான் விடுபடும். லைனரை மறந்துவிட்டு யாரும் இஞ்சினை மூட முடியாது. கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்க்கின் ஆயில் துளைகளைக் கழுவ மறக்கலாம். கல்லின் பொடியும் இரும்புத் தூளும் அந்தச் சாய்ந்த துளைகளுக்குள் பசைபோல் ஒட்டியிருக்கும். மேலே துடைத்தால் பளபளப்பாகத் தெரியும். துளைக்குள் நீளமான பிரஷ்ஷை டீசலில் நனைத்து முன்னும் பின்னும் இழுத்து, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வராத வரை திரும்பச் செய்ய வேண்டும். அடைப்பான் திருகு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். இருபது நிமிட வேலை. விட்டால் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே அந்தத் தூள் புது பேரிங்கில் போய் உட்காரும். இதை ஆறாவது படகில்கூடச் செய்தார்கள், உதவியாளர் ஒருவர் தூங்காமல் நின்று செய்தார். பட்டறைக்கு இதைப் பெருமையாகவே சொல்லலாம்.

விடுபட்டது கப்ளிங் நேர்ப்படுத்தல். மரப்படகு கரையில் தாங்குகட்டை மேல் நிற்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது ஒரு வடிவம். அடிக்கட்டை மில்லிமீட்டர் கணக்கில் வளையும், இரண்டு மாதம் வெயிலில் காய்ந்த பலகை ஊறிப் பருக்கும். அதனால் இஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது படகு இறங்கி ஒருநாளாவது ஊறிய பிறகுதான். கப்ளிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு முகத்துக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்தில் ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி வித்தியாசம் ஃபிளாஞ்ச் (கப்ளிங்கின் வட்டத் தட்டு) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 150 மி.மீ. ஃபிளாஞ்ச் என்றால் 0.15 மி.மீ. பிறகு ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். அதிக இடைவெளி அதே இடத்தில் நின்றால் இஞ்சின் இருக்கைக்கு ஷிம் வைக்க வேண்டும். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, எத்தனை ஷிம் வைத்தாலும் சரியாகாது.

ஆறாவது படகை ஜூன் 13 மாலை இறக்கினார்கள். தாங்குகட்டை மேலேயே நேர்ப்படுத்தியாகிவிட்டது, அந்த அளவு சரியாகவும் இருந்தது. தண்ணீரில் திரும்பப் பார்க்க நேரமில்லை. ஜெட்டியில் கயிறு கட்டி கியர் போட்டு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய சோதனை, நியூட்ரலில் பத்து நிமிடமாகச் சுருங்கியது. நியூட்ரலில் ஷாஃப்ட் சுற்றாது, எதுவும் தெரியாது. கடலில் இரண்டாம் நாள் ஸ்டெர்ன் கிளாண்டில் (ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தின் அடைப்பில்) தண்ணீர் அதிகம் வந்தது. ஓடும்போது சில சொட்டு விழத்தான் வேண்டும், பேக்கிங்கைக் குளிரவைப்பதே அந்தத் தண்ணீர். இது சொட்டு அல்ல, ஒழுக்கு. அதை நிறுத்த நட்டை முறுக்கினார்கள், கிளாண்டு சூடேறியது, கியர் பாக்ஸின் பின் ஆயில் சீல் போயிற்று. இன்னொரு லாஞ்சு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பிடித்த மீனுக்கு ஐஸ் போதவில்லை.

கணக்கில் இது "ஜூன் 14-க்குள் கொடுத்த படகு". மேஸ்திரி அப்படித்தான் சொல்வார். மூன்றாவது படகு ஐந்து நாள் தாமதம், ஆனால் தண்ணீரில் ஒருநாள் ஊறவிட்டு, அளந்து, கயிறு கட்டி ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது. இரண்டில் எது வாக்கைக் காத்தது என்று காசிமேட்டில் கேட்டால் உரிமையாளர்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

இதே பட்டறை, இதே ஆட்கள், எப்படிச் செய்திருக்கலாம்

பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 12 சோதனை ஓட்டம் முடியும் கடைசி நாள். அந்தப் படகு ஜூன் 10-இல் தண்ணீரில் இருக்க வேண்டும். இறக்குவதற்கு எல்லாரும் ஜூன் முதல் இரண்டு வாரத்தில் முட்டுவார்கள் என்பதால் அந்த நாளை மே மாதத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். கோப்பு ஜூன் 6-இல் தொடங்க வேண்டும் என்றால் கிராங்க், பேரிங், லைனர், பம்பு நான்கும் ஜூன் 4-இல் பட்டறையில் இருக்க வேண்டும். இது கடைசிப் படகுக்கு. முதல் படகுக்கு இந்த நாள் மே 14. நடுவில் உள்ளவற்றுக்கு ஏழு நாள் இடைவெளி விட்டுத் தேதி போட்டால் ஐந்து நாள் ஒதுக்கமும் கிட்டத்தட்ட அதற்குள்ளேயே கரைந்துவிடும். அப்படியானால் எடுக்க வேண்டியது நான்கு படகு. கிரைண்டிங் கடைக்கும் அந்த வரிசையிலேயே, கிராங்க்கின் மேல் பெயின்ட்டில் தேதி எழுதி, இரண்டிரண்டாக அனுப்ப வேண்டும். வெடிப்புச் சோதனையை மட்டும் நான்குக்கும் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். கெட்ட செய்தி வரக்கூடிய வேலையை முன்னால் தள்ளுவது இந்தத் தொழிலில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, ஆனாலும் செய்பவர் குறைவு.

ஐந்தாவது படகை நிபந்தனையோடு எடுக்கலாம். நான்கில் ஏதாவது ஒன்று மே 12-க்குள் பணத்தாலோ கிராங்க்காலோ விலகினால் அந்த இடம் ஐந்தாவதுக்கு. அதுவரை அந்த இஞ்சினைப் பிரிக்கக் கூடாது. பிரிக்காமல் இருப்பதுதான் உரிமையாளருக்கு வேறிடம் போகும் சுதந்திரம்.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் சொல்ல வேண்டியது: "அண்ணா, ஜூன் 14-க்கு என்னால ஆவாது. ஜூலை முதல் வாரம்னா எடுக்கறேன். முன்னாடி வேணும்னா இன்னிக்கே வேற மேஸ்திரியைப் பாருங்க, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் பேரு தரேன்." ஏப்ரல் 15-இல் இதைக் கேட்ட உரிமையாளர் முகம் சுளிப்பார், இரண்டு நாள் பேசமாட்டார். அவருக்கு 60 நாள் இருக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாததை நம்மவர்கள் தாராள மனசு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கான செலவை ஜூனில் கட்டுபவர் வேறொருவர்.

பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை போதும். படகு எண், அடுத்த வேலை, அது இப்போது யார் கையில், அவர் சொன்ன நாள். "நிலவரம்" என்று ஒரு கட்டம் வேண்டாம், அதில் எல்லாரும் "நடக்குது" என்றுதான் எழுதுவார்கள். "யார் கையில்" என்ற கட்டத்தில் உரிமையாளர் பெயரும் வரலாம், பணம் பாக்கி இருந்தால் வர வேண்டும். ஐந்தாவது படகின் வரிசையில் மே 10 முதல் 23 வரை உரிமையாளர் பெயரே நின்றிருந்தால், தேதி தள்ளும் பேச்சைத் தொடங்க மேஸ்திரி கூச்சப்பட வேண்டியிருக்காது. அவர் பட்டறைக்குள் வந்ததும் பலகையே பேசியிருக்கும். சொன்ன நாளுக்கு முந்தின நாள் மாலை ஒரு போன், அவ்வளவுதான் பின்தொடர்தல். சொன்ன நாள் தாண்டியபின் செய்யும் போன் விசாரணை ஆகிவிடும், எதிரில் இருப்பவர் காரணம் தேடுவார். முந்தின நாள் போன் செய்தால் கொடுக்க வேண்டிய பொருளைத் தேடுவார்.

சில்லறை வேலைகளுக்குக் காலை எட்டு மணி வரை, மாலை ஆறு மணிக்கு மேல் என்று நேரம் கட்டிவிடலாம். அவசரம் என்று வருகிற ஃபைபர் படகுக்காரருக்கும் எப்போது வரலாம் என்று தெரிந்தால் நடுப்பகலில் வந்து நிற்கமாட்டார்.

கொடுத்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, வாக்குக் கொடுக்கும்போது அதை யாரும் பேசுவதில்லை. புது ரிங், புது பேரிங் போட்ட இஞ்சினுக்கு முதல் 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கையேடு சொல்லியிருக்கும் இஞ்சின்களுக்கு ஹெட் போல்ட்டை வரிசைப்படி மறுமுறை டார்க் பார்த்து, வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். கடலில் தங்கி மீன் பிடிக்கும் லாஞ்சு முதல் முறை போய் வருவதற்குள்ளேயே 50 மணி நேரம் கடந்துவிடும். ஐந்தாவது படகு ஜூன் 20 விடியலில் நல்லபடியாகத் திரும்பியது. மீன் இறக்கி, ஐஸ் ஏற்றி, அன்று இரவே மறுபடி கிளம்பியது. அந்தப் பகலில் ஆயில் கேனோடும் டார்க் ரெஞ்சோடும் ஜெட்டியில் நிற்க வேண்டிய மேஸ்திரி, ஏழாவது படகின் பிளாக்குக்குள் தலையை விட்டிருந்தார். இரண்டாம் முறை போனபோது நான்காம் சிலிண்டர் பக்கம் ஹெட் காஸ்கெட் ஊதியது.